மாதிரி இரயில் தடத்துக்கு எந்த வயர்? புதியவர்களுக்கான வழிகாட்டி

கண்ட்ரோலருக்குப் பக்கத்தில் உள்ள நிலையத்திலிருந்து எஞ்சின் நன்றாகத்தான் புறப்படுகிறது. பலகையின் மறுமுனை வளைவை எட்டும்போது வேகம் தளர்கிறது. இரண்டாவது எஞ்சினையும் ஓடவிட்டால் திக்கித் திணறி நின்றுவிடுகிறது. புதிதாகத் தடம் போடுகிறவர்களில் பலர் இதற்கு எஞ்சினையோ கண்ட்ரோலரையோ குறை சொல்லி, வேறு ஒன்று வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை வயரில்தான் இருக்கும். எஞ்சின், பெட்டி, தண்டவாளம் ஆகியவற்றுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் வயருக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனால் அதைப் பலகைக்கு அடியில் ஒருமுறை கட்டிவிட்டால், மேலே மலையும் குகையும் கூழாங்கல்லும் ஒட்டிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே முதல் தண்டவாளத்தை ஆணியடிக்கும் முன்பே வயரைத் தீர்மானித்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுரை கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வீட்டில் ஓர் அறையையோ ஒரு சுவரோரத்தையோ ஒதுக்கி, ‘என்’ (N) எனப்படும் சிறிய அளவிலோ அதைவிடப் பெரிய எச்.ஓ. (HO) அளவிலோ முதல் தடத்தைப் போட நினைப்பவர்களுக்கானது. செந்தூல் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலும் இரயில்வேயோடு வாழ்ந்த குடும்பங்களிலிருந்து இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இரயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரப் பகுதிதான் பலரைத் தயங்க வைக்கிறது. பெட்டியைத் திறந்தவுடன் வட்டமாகப் பூட்டி ஓட்டும் தொடக்கச் செட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, அதோடு வரும் வயரே போதும். இரண்டாவது தடம், பக்கத்தில் பிரிந்து நிற்கும் சைடிங் தடம், இரண்டாவது எஞ்சின் என்று நீளும்போதுதான் கீழே உள்ளவை தேவைப்படும்.

வயர் ஏன் இவ்வளவு முக்கியம்?

நம் கே.டி.எம். கொம்யூட்டரும் இ.டி.எஸ். இரயிலும் தலைக்கு மேலே உள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. வோல்ட் கூடக்கூட, அதே ஆற்றலைக் கொண்டுசெல்லக் குறைந்த ஆம்பியர் போதும். ஆம்பியர் குறைந்தால் வழியில் ஏற்படும் இழப்பும் குறையும் என்பதுதான் அதற்குக் காரணம். நம் மாதிரி இரயில் இதற்கு நேர் எதிரானது. பழைய முறையான நேர்மின்னோட்டத்தில் தண்டவாளத்தில் இருப்பது அதிகபட்சம் 12 வோல்ட், டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறையில், என் அளவுக்கு ஏறக்குறைய 12, எச்.ஓ. அளவுக்கு 14 முதல் 16 வோல்ட். வீட்டு மின்சாரத்தில் வயரிலேயே ஒரு வோல்ட் காணாமல் போனால் 230-இல் அது யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. எஞ்சின் அதை உடனே காட்டிவிடும்.

இரண்டாவது காரணம் தண்டவாளமே. இப்போது விற்கப்படும் தண்டவாளங்கள் பெரும்பாலும் நிக்கல் சில்வர் எனப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையால் ஆனவை. அவை எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அவற்றின் மின்தடை செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பார்வைக்குத் தடிமனாக இருக்கும் தண்டவாளம், மின்சாரத்தைக் கடத்துவதில் மெல்லியதொரு செம்பு வயருக்குத்தான் சமம். அதோடு, துண்டுகளை இணைக்கும் சிறிய தகட்டு இணைப்புகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடையைச் சேர்க்கின்றன. நம் ஊரின் ஈரக்காற்றில் அந்தத் தகடுகள் சில ஆண்டுகளில் மங்கிப்போகும். தஞ்சோங் பூங்கா போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் விரைவில் நடக்கும். ஆகவே தண்டவாளத்தை மின்சாரம் நெடுந்தூரம் பயணிக்கும் பாதையாக நம்பக்கூடாது. பலகைக்கு அடியில் தடிமனான இரண்டு வயர்களை நெடுக ஓடவிட்டு, அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் குட்டையான மெல்லிய வயர்களை மேலே அனுப்புவதே சரியான முறை. தடிமனானதை இத்துறையில் பஸ் என்றும், மெல்லியதை ஃபீடர் என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

தடத்தின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, கண்ட்ரோலர் எங்கே இருக்கப்போகிறது என்பதைக் குறியுங்கள். அங்கிருந்து மிகத் தொலைவில் உள்ள தண்டவாளம் வரை, வயர் பலகைக்கு அடியில் எந்த வழியாகப் போகுமோ அந்த வழியாகவே நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். இந்த நீளத்தை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனெனில் மின்சாரம் ஒரு வயரில் போய் மற்றொரு வயரில் திரும்பி வருகிறது. புதியவர்கள் கணக்கில் விடுவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் பாதையைத்தான்.

அடுத்து, எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். இன்றைய என் அளவு எஞ்சின் ஒன்று ஓடும்போது ஏறக்குறைய கால் ஆம்பியர் எடுக்கும்; எச்.ஓ. எஞ்சின் அரை ஆம்பியர் வரை. பழைய மோட்டார் உள்ளவை ஓர் ஆம்பியரையும் தாண்டும். ஒலி, விளக்குள்ள பெட்டிகள் ஆகியவை தனி. ஆனால் இவற்றைக் கூட்டிப் பார்த்து வயர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கண்ட்ரோலரோ, டி.சி.சி. முறையில் தடத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டரோ அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். அந்த எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலை நேர்மின்னோட்டக் கண்ட்ரோலர்களில் அது 1 ஆம்பியர் அளவில் இருக்கும், டி.சி.சி. கருவிகளில் 3 அல்லது 5. இதற்கான காரணம் எஞ்சினைவிட ஷார்ட்டோடு தொடர்புடையது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது செம்பு வயரின் தடையைத் தெரிந்துகொண்டால் கணக்கு முடிந்துவிடும். பல இழைகள் கொண்ட செம்பு வயரில், ஒரு மீட்டருக்கு, 0.5 சதுர மில்லிமீட்டருக்கு 0.039 ஓம், 1 சதுர மில்லிமீட்டருக்கு 0.0195 ஓம், 1.5-க்கு 0.0133 ஓம், 2.5-க்கு 0.008 ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம். தடையை மொத்த நீளத்தாலும் ஆம்பியராலும் பெருக்கினால், வழியில் இழக்கும் வோல்ட் கிடைக்கும். அரை வோல்ட்டுக்குள் அடங்கினால் நிம்மதியாக இருக்கலாம் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல்.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்றில் தடம் போடுகிறீர்கள், 3 ஆம்பியர் டி.சி.சி. கருவி ஒரு முனையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஏறக்குறைய 2.5 மீட்டர், போய்வர 5 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.039 பெருக்கல் 5 பெருக்கல் 3, அதாவது 0.58 வோல்ட் போய்விடும். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே இழப்பு 0.29 வோல்ட்தான், ஆகவே இந்தப் பலகைக்கு 1 போதும், 1.5 இருந்தால் கவலையே இல்லை. தரைவீட்டின் ஓர் அறையில் மூன்று சுவர்களை ஒட்டி, பஸ் 8 மீட்டர் ஓடுமானால் போய்வர 16 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டரில் 0.64 வோல்ட் இழப்பு, 2.5-இல் 0.38. இங்கே 2.5 வாங்கலாம், அல்லது கருவியை ஒரு முனையில் வைக்காமல் நடுச்சுவருக்கு நகர்த்தி, இரு பக்கமும் நான்கு நான்கு மீட்டராகப் பஸ்ஸைப் பிரித்துவிடலாம். அப்போது 1.5 வயரிலேயே இழப்பு 0.32-க்கு இறங்கிவிடும். பணம் செலவழிக்காமல் கிடைக்கும் இந்த லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை.

ஷார்ட் ஆகும் நேரத்துக்காகவே வயர் வாங்குகிறோம்

எஞ்சின் தடம் புரண்டு அதன் உலோகச் சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஏற்படும். இது எல்லாத் தடத்திலும் நடக்கும், வாரம் ஒருமுறையாவது நடக்கும். டி.சி.சி. பூஸ்டர் இதை உணர்ந்து நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அது எப்படி உணர்கிறது? தன் எல்லையைத் தாண்டி ஆம்பியர் பாய முயலும்போதுதான். 5 ஆம்பியர் எல்லையுள்ள, 15 வோல்ட் தரும் பூஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயர், தண்டவாளம், இணைப்புத் தகடு, சக்கரம் எல்லாம் சேர்ந்து 3 ஓமுக்குக் குறைவான தடை இருந்தால்தான் 5 ஆம்பியருக்கு மேல் பாயும், பூஸ்டர் விழித்துக்கொள்ளும். 10 மீட்டர் தூரத்துக்கு 0.22 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரையே பஸ்ஸாகப் போட்டிருந்தால், போய்வர 20 மீட்டருக்கு வயரில் மட்டுமே ஏறக்குறைய 1.8 ஓம். மங்கிப்போன இணைப்புகளும் நீண்ட தண்டவாளமும் மீதியை நிரப்பிவிடும். அப்போது ஏறக்குறைய 5 ஆம்பியர் பாய்ந்துகொண்டே இருக்கும். பூஸ்டர் அதைப் பல எஞ்சின்கள் சேர்ந்து ஓடுவதாக எண்ணிக்கொண்டு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த நிலையில் 75 வாட் அளவுக்கு வெப்பம் தடத்தில் எங்கோ வெளிப்படுகிறது. நாம் ஈயம் வைக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்னின் வெப்பத்தைவிட அது அதிகம். தடை எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் அந்த வெப்பம் பிறக்கும். பெரும்பாலும் அது எஞ்சினின் சக்கரத்துக்குப் பக்கத்திலோ, ஓர் இணைப்புத் தகட்டிலோ இருக்கும். தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை உருகும், எஞ்சினின் அடிப்பகுதி வளையும். ஆகவேதான் ஓடும் எஞ்சினின் கால் ஆம்பியரை வைத்து வயர் வாங்கக்கூடாது என்கிறேன். நல்ல நாளில் எந்த வயரும் வேலை செய்யும்.

கடையில் எழுதியிருக்கும் எண்களைப் படிப்பது

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் புடு பக்கத்து ஜாலான் பசார் போதும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிப் பொருள்களுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. ஃபீடருக்கு வேண்டிய மெல்லிய வயர்கள் அங்கே மீட்டர் கணக்கில் கிடைக்கும். பஸ்ஸுக்கு வேண்டிய தடிமனான வயரை உங்கள் வீட்டுப் பக்கத்து ஹார்ட்வேர் கடையிலேயே வாங்கிவிடலாம், பினாங்கிலும் அப்படித்தான்.

கடையில் மூன்று விதமான எண்கள் உங்களைக் குழப்பலாம். முதலாவது, நேரடியாகச் சதுர மில்லிமீட்டரில் எழுதியது. நம் நாட்டு வீடுகளில் விளக்குகளுக்கு 1.5, சுவர் பிளக்குகளுக்கு 2.5 என்று போடும் பி.வி.சி. வயர்கள் இவை, பஸ்ஸுக்கு மிகவும் பொருத்தமானவை. இரண்டாவது, 23/0076, 40/0076, 70/0076 என்று எழுதப்பட்ட வளைந்துகொடுக்கும் வயர்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் ஒவ்வோர் இழையின் விட்டம், 0.0076 அங்குலம், அதாவது 0.193 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 23/0076 ஏறக்குறைய 0.67 சதுர மில்லிமீட்டர், 40/0076 ஏறக்குறைய 1.17, 70/0076 ஏறக்குறைய 2.05. எட்டடிப் பலகைக்கு 40/0076, அறையைச் சுற்றி ஓடும் தடத்துக்கு 70/0076 என்று கேட்டால் கடைக்காரர் கேள்வி கேட்காமல் எடுத்துத் தருவார். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 7/0.2, 16/0.2, 32/0.2 என்று மில்லிமீட்டரில் எழுதியிருப்பதும் இதே முறைதான். அவை முறையே 0.22, 0.5, 1 சதுர மில்லிமீட்டர்.

மூன்றாவது ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க எண். வெளிநாட்டுக் கையேடுகளும் இணையத்தில் விற்கும் வயர்களும் இதையே சொல்கின்றன. இதில் எண் கூடக்கூட வயர் மெலியும். மூன்று எண் கூடினால் பரப்பு பாதியாகிவிடும். 14 என்பது 2.1 சதுர மில்லிமீட்டர், 16 என்பது 1.3, 18 என்பது 0.8, 20 என்பது 0.5, 22 என்பது 0.33, 24 என்பது 0.2. கையேட்டில் 14 என்று எழுதியிருந்தால் நம் கடையில் 70/0076 கேளுங்கள். கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்றால் 2.5.

வீட்டு வயரைப் பஸ்ஸுக்கு வாங்கும்போது, உள்ளே ஒற்றைக் கம்பியா பல இழைகளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலையாக ஓரிடத்தில் இருக்கும் பலகைக்கு ஒற்றைக் கம்பியும் நல்லதே. வளைத்தபடி நிற்கும், ஈயம் வைக்கவும் எளிது. பலகைகளைப் பிரித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கும் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குப் பல இழை வயர்தான் சரி. ஒற்றைக் கம்பி அடிக்கடி வளைக்கப்பட்டால் உறைக்குள்ளேயே முறிந்துவிடும், வெளியே தெரியாது.

உண்மையான செம்பா என்று பார்ப்பது

இணையச் சந்தைகளில் நூறு மீட்டர் சுருள் நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால், அது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயராகவே இருக்கும். ஸ்பீக்கர் வயர்களில் இது மிகச் சாதாரணம். இதன் தடை அதே பருமனுள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேலே போட்ட கணக்கெல்லாம் தவறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், உறையைச் சீவும்போது பூச்சு கீறிப்போனால் அந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. இழையும் எளிதில் முறியும். ஈரக்காற்றில் அலுமினியமும் செம்பும் சந்திக்கும் இடம் அரித்துப்போகும்.

சோதிப்பது எளிது. ஒரு சென்டிமீட்டர் உறையை நீக்கி, ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்து, மேசைமேல் வைத்துப் பேனாக்கத்தியின் முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெண்மையும் தெரிந்தால் அது அலுமினியம். மேலே வெண்மையாக இருந்து சுரண்டியதும் உள்ளே செம்பு நிறம் தெரிந்தால், அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு வயர்; அதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். கடலோர வீடுகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஏனெனில் வெறும் செம்பு போல அது சீக்கிரம் கறுக்காது. சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும். அலுமினியச் சுருள் செம்புச் சுருளின் பாதி எடைகூட இராது.

ஃபீடருக்கு எது?

ஃபீடர் குட்டையாக இருப்பதால் மெல்லியதாக இருக்கலாம். 0.22 சதுர மில்லிமீட்டர் வயர் 20 சென்டிமீட்டர் நீளமென்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 40 சென்டிமீட்டருக்கு 0.04 ஓம்கூட வராது. 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் 0.33 அல்லது 0.5-க்குப் போய்விடுங்கள். என் அளவுத் தண்டவாளத்துக்கு 0.5 தடிமனாகத் தெரியும், எச்.ஓ. அளவுக்கு அது உறுத்தாது. வீட்டில் மிச்சம் கிடக்கும் இணைய நெட்வொர்க் கேபிளைப் பிரித்தால் 24 எண் ஒற்றைக் கம்பிகள் எட்டுக் கிடைக்கும். செம்பா என்று சோதித்துவிட்டு ஃபீடருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒற்றைக் கம்பி விறைப்பாக நிற்பதால் பலகையின் துளைக்குள் நுழைப்பது எளிது. சிலிக்கான் உறையிட்ட வயரும் நல்லது. சால்டரிங் அயர்ன் பட்டாலும் உறை உருகாது. ஆனால் அந்த உறை எளிதில் கிழியும் என்பதால் கூரான ஓரங்களில் உரசவிடக்கூடாது.

ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி ஃபீடர் என்பதுதான் விதி. மிகக் குட்டையான துண்டுகளை மட்டும் பக்கத்துத் துண்டோடு ஈயம் வைத்து இணைத்து ஒன்றாகக் கருதலாம். இது அதிக வேலை என்று தோன்றும்; ஆனால் இணைப்புத் தகடுகளை மின்சாரத்துக்காக நம்பியிராத தடத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையின் பகல் வெப்பத்துக்குத் தண்டவாளம் நீளச் சிறு இடைவெளி விட்டுவைக்கவும் முடிகிறது.

ஃபீடரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள்; உள்பக்கத்தில் சக்கரத்தின் விளிம்பு ஓடும். ஒட்டும் இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தண்டவாளத்திலும் வயர் முனையிலும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து அயர்னை இரண்டு நொடி வைத்து எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் வைத்தால் பிளாஸ்டிக் கட்டை உருகி, தண்டவாள இடைவெளி மாறிவிடும். இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சுத் துண்டு வைத்தால் வெப்பம் பரவாது. ரோசின் உள்ள எலக்ட்ரானிக்ஸ் ஈயத்தையே பயன்படுத்துங்கள். தண்ணீர்க்குழாய்க்குப் பயன்படுத்தும் அமிலப் பசையை வயருக்குத் தொடவே கூடாது, நம் ஈரப்பதத்தில் அது மெல்ல மெல்லச் செம்பைத் தின்றுவிடும்.

நிறமும் இணைப்பும்

பஸ்ஸுக்கு இரண்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை மாறாதிருங்கள். சிவப்பு உள்தண்டவாளம், கறுப்பு வெளித்தண்டவாளம் என்று வைத்துக்கொண்டால் ஃபீடரும் அதே நிறத்தில் இருக்கட்டும். பச்சையும் மஞ்சளும் கோடிட்ட வயரைத் தவிர்த்துவிடுங்கள்; அது வீட்டு மின்சாரத்தில் எர்த் வயரின் நிறம், வேறு யாராவது பார்த்துத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தடம் வட்டமாக இருந்தாலும் டி.சி.சி. பஸ்ஸின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக மூடவேண்டாம். முனைகள் திறந்தே இருக்கட்டும். பஸ் பத்து மீட்டரை நெருங்கினால் இரண்டு வயர்களையும் மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு முறுக்காகப் பின்னிவிட்டால் டிஜிட்டல் சைகை சிதையாமல் இருக்கும்.

ஃபீடரைப் பஸ்ஸோடு இணைக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. பஸ்ஸின் உறையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நடுவில் மட்டும் விலக்கி, வயரை வெட்டாமலே ஃபீடரை மூன்று சுற்றுச் சுற்றி ஈயம் வைப்பது மிக உறுதியானது. 2.5 வயர் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் 60 வாட் அயர்ன் வேண்டும். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சூடான ஈயத்தோடு வேலை செய்வது ஆபத்து. கண்ணாடி அணியுங்கள், முடிந்தால் பலகையைச் சாய்த்து நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இரண்டாவது, வாகோ போன்ற நெம்புகோல் இணைப்பிகள். அவற்றின் 221 வகை 0.2 முதல் 4 சதுர மில்லிமீட்டர் வரை மெல்லியதையும் தடிமனானதையும் ஒரே இணைப்பியில் பிடிக்கும். 11 மில்லிமீட்டர் உறை நீக்கினால் போதும். புதியவர்களுக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் தவறாகச் செருகியதைத் திரும்ப எடுக்கலாம். மூன்றாவது, இடுக்கியால் அழுத்தும் ஸ்காட்ச்லாக் வகை. அது விரைவானது, ஆனால் இரண்டு வயரின் பருமனுக்கும் பொருந்தும் நிறத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மெல்லிய ஃபீடரை அது சரியாகக் கடிக்காமல் விட்டுவிடும்.

திருகு வைத்த டெர்மினல் பிளாக்கில் பல இழை வயரை மாட்டும்போது, முனையில் ஈயம் பூசித் திருகுவது தவறு. ஈயம் மெல்ல அமுங்கி, சில மாதங்களில் திருகு தளர்ந்துவிடும். அதற்கென்று விற்கும் குட்டிக் குழாய் முனைகளை மாட்டி அழுத்துங்கள்.

பாயிண்டுக்கும் விளக்குக்கும் தனி வயர்

ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடமான பாயிண்டை மாற்றும் மோட்டார்களைத் தடத்தின் பஸ்ஸிலேயே மாட்டிவிடத் தோன்றும், வேண்டாம். மின்காந்தச் சுருளால் சட்டென்று இழுக்கும் சொலனாய்டு வகை மோட்டார் ஒரு கணம் மட்டும் 3, 4 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தடுமாறும். அதற்குத் தனி ஆற்றலும் 0.75 முதல் 1 சதுர மில்லிமீட்டர் வயரும் கொடுங்கள். 23/0076 ஓரளவு போதும். மெதுவாகத் திரும்பும் டார்ட்டாய்ஸ் போன்ற மோட்டார்கள் 15 மில்லியாம்பியர் அளவே எடுப்பதால் நெட்வொர்க் கேபிளின் மெல்லிய கம்பியே தாராளம். எல்.இ.டி. விளக்குகளுக்கும் அப்படித்தான்.

சுவர் பிளக்கிலிருந்து தடத்துக்கு வரும் அடாப்டர் மட்டும் நீங்கள் கைவைக்கக்கூடாத பகுதி. சிரிம் முத்திரை உள்ளதை வாங்குங்கள். 230 வோல்ட் பக்கத்தைத் திறக்கவோ நீட்டவோ முயலாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செட்டுகளில் 100 அல்லது 120 வோல்ட்டுக்கான அடாப்டர் வந்துவிடுவதுண்டு. பிளக்கில் செருகும் முன் அதன் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடிமின்னல் தெரிந்ததே. ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் முன் சோதனை

வயர் வேலை முடிந்ததும், எஞ்சினை வைக்கும் முன், மல்டிமீட்டரால் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பாதி வேலையிலேயே, ஒவ்வொரு ஜோடி ஃபீடரையும் மாட்டிய பிறகு இதைச் செய்துகொண்டு வந்தால், தவறு எந்த ஜோடியில் என்று தேட வேண்டியிராது.

அடுத்து, சுமையோடு வோல்ட்டை அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் மயிரிழை போன்ற வயரிலும் முழு வோல்ட் காட்டும். அந்த அளவு எதற்கும் பயன்படாது. மோட்டார் சாமான் கடையில் 12 வோல்ட் 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்று வாங்கி, இரண்டு வயர் ஒட்டி, தண்டவாளத்தின்மேல் வைத்தால் அது ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியர் கண்ட்ரோலருக்கு அதே வகையில் 10 வாட் பல்பு போதும். கண்ட்ரோலர் பக்கத்தில் ஒருமுறை, கடைசி முனையில் ஒருமுறை அளந்து, இரண்டின் வித்தியாசத்தைப் பாருங்கள். டி.சி.சி. மின்சாரத்தைச் சாதாரண மல்டிமீட்டர் துல்லியமாகக் காட்டாது; ஆனால் வித்தியாசத்தை ஒப்பிட அது போதும். பல்பு சூடாகும், பிளாஸ்டிக்கில் படாமல் பிடியுங்கள்.

கடைசிச் சோதனை 20 சென் நாணயம். டி.சி.சி. கருவியை முழு வோல்ட்டில் வைத்துவிட்டு, தடத்தின் ஒவ்வொரு துண்டிலும், ஒவ்வொரு பாயிண்டின் இரு கிளைகளிலும், சைடிங்கின் கடைசி முனையிலும் நாணயத்தை இரண்டு தண்டவாளங்களின்மேல் குறுக்காக வைத்து அழுத்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் பூஸ்டர் உடனே துண்டித்து, நாணயத்தை எடுத்ததும் திரும்ப உயிர்பெற வேண்டும். ஓரிடத்தில் துண்டிக்கத் தயங்கினாலோ, நாணயத்தின் ஓரத்தில் பொறி பறந்தாலோ, விரலில் சூடு தெரிந்தாலோ உடனே எடுத்துவிட்டு, அந்தத் துண்டுக்கு இன்னொரு ஜோடி ஃபீடர் சேர்த்து, பஸ் இணைப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, மீண்டும் நாணயத்தை வையுங்கள். எல்லாத் துண்டுகளும் இதில் தேறிய பிறகே கூழாங்கல் ஒட்டப் பசையைத் திறக்க வேண்டும்.